சேலம் ரோடும் ஏற்காடு மலையும்: புது கார்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் வாங்கப் போகிறவர்களும், வாங்கி ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தவர்களும் சேலத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட விதமாகவே கேள்விகள் இருக்கின்றன. முன்னால் சொன்ன பதில் பின்னால் தேவைப்படும் இடங்களில் அதைச் சுட்டியிருக்கிறோம். வரிசையாகப் படித்தால் எளிது.

"170 மில்லிமீட்டர் கிளியரன்ஸ்னு போட்டிருக்காங்க. நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கருக்கு இது போதுங்களா?"

போதும். ஆனால் தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையே உள்ள அந்த 170 பெரும்பாலும் காலி வண்டியை அளந்த கணக்கு. ஐந்து பேர் உட்கார்ந்து டிக்கியில் சாமான் ஏற்றினால் சிறிய கார்கள் 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை தாழ்ந்துவிடும். ஆகவே ஷோரூமில் கேட்க வேண்டியது, முழு லோடில் எவ்வளவு என்பதுதான். பதில் கிடைக்காவிட்டால் டெஸ்ட் டிரைவுக்கு வீட்டிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படிப் போட்ட மேட்டில் எந்தக் காரும் தட்டாது. ராத்திரியோடு ராத்திரியாக ஜல்லி கொட்டிப் போட்ட மேடுதான் ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக நிற்கும். அதில் முன் சக்கரம் இறங்கியதும் வண்டியின் வயிறு உட்காரும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி அதிகமுள்ள செடான்கள் தட்டுவது இதனால்தான். மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சக்கரம் ஏறும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பிரேக்கை மிதித்தபடி ஏறினால் முன்பக்கம் குனிந்து பம்பர்தான் முதலில் அடிவாங்கும். ஸ்பிரிங் இடுக்கில் ரப்பர் பஃபர் செருகி வண்டியை உயர்த்துவது வேண்டாம். வாரண்டி தகராறு வரும், சஸ்பென்ஷனும் கெடும்.

"ஏற்காடு போகணும்னா எஸ்யூவிதான் வேணுமா?"

வேண்டியதில்லை. அடிவாரத்திலிருந்து மேலே வரை தார் ரோடு. அரசுப் பேருந்து தினமும் ஏறி இறங்குகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கைகொடுப்பது வண்டியின் உயரம் அல்ல, திரும்பும் ஆரம். சிறிய ஹேட்ச்பேக் ஐந்து மீட்டருக்கும் குறைவான ஆரத்தில் திரும்பிவிடும். நடுத்தர எஸ்யூவிக்கு அதைவிடக் கூடுதல் இடம் வேண்டும். எதிரே பேருந்து வரும்போது அந்த வித்தியாசம் தெரியும். உயரமான வண்டி வளைவில் சாயவும் செய்யும், பின் சீட்டுப் பிள்ளைகளுக்கு வாந்தியும் சீக்கிரம் வரும்.

"அப்ப மலைக்கு எதைப் பார்த்து வாங்கணும்?"

இஎஸ்சி எனப்படும் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்க வேண்டும். ஈர ரோட்டில் வளைவில் வண்டி இழுக்கப் பார்த்தால், எந்தச் சக்கரத்தைப் பிடிக்க வேண்டுமோ அதை மட்டும் அதுவே பிடித்து நேராக்கும். பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் மட்டும் இருந்தால் இது நடக்காது. பட்ஜெட் இடித்தால் சன்ரூஃபை விடுங்கள், இதை விடாதீர்கள்.

இன்னொன்று, யாரும் ஷோரூமில் பார்க்காதது: முன் கண்ணாடியின் இரு ஓரத்தில் இருக்கும் தூண். வண்டி உருண்டாலும் கூரை நசுங்காமல் இருக்க இப்போது அதைத் தடிமனாகப் போடுகிறார்கள். வலப்பக்க வளைவில் எதிரே வரும் பைக் அப்படியே அதன் பின்னால் மறைந்துவிடும். டெஸ்ட் டிரைவில் உட்கார்ந்து பார்த்து, எவ்வளவு மறைக்கிறது என்று கவனியுங்கள். ஓட்டும்போது வளைவுக்கு முன் தலையை ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

"1.2 பெட்ரோல் வண்டிங்க. அஞ்சு பேரு, ஏசி போட்டு மலை ஏறினா இழுக்கவே மாட்டேங்குது. வண்டில கோளாறா?"

கோளாறு இல்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் 100 மீட்டர் ஏற்றத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீத சக்தியை இழக்கும். மேலே சேரும்போது பத்து சதவீதத்துக்கு மேல் போயிருக்கும். அதில் ஏசி கம்ப்ரசர் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

இந்த வகை எஞ்சின்களுக்கு முழு இழுவை 4,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) பக்கத்தில்தான் வருகிறது. நம்மவர்களோ எஞ்சின் சத்தம் போட்டாலே பாவம் என்று மூன்றாவது கியர் போட்டுவிடுவார்கள். 1,500-இல் வண்டி உதறும். இரண்டாவது கியரில் 3,000 முதல் 4,000 வரை வைத்து ஏறுங்கள், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள், வளைவுக்குள் வேண்டாம். டர்போ பெட்ரோலில் உயரத்தால் வரும் இழப்பு குறைவு. ஆனால் 1,800-க்குக் கீழே டர்போ தூங்கும், கொண்டை ஊசியை விட்டு வெளியே வரும்போது ஒரு நொடி வண்டி செத்த மாதிரி நிற்கும். அதற்கும் மருந்து அதே இரண்டாவது கியர்தான்.

ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. இறங்குபவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

"இறங்கும்போது நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்தானே?"

இல்லை. கார்புரேட்டர் காலத்து நினைப்பு இது. இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால், ஆர்பிஎம் ஐடிலுக்கு அருகே இறங்கும் வரை பெட்ரோல் முழுதாக நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சினை அணையாமல் வைக்க பெட்ரோல் செலவாகும்.

செலவை விடப் பெரிய விஷயம் பிரேக். 1,400 கிலோ வண்டி 1,200 மீட்டர் இறங்குவதில் வெளிப்படும் சக்தி, ஒரு அண்டாவில் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சின் அதில் பங்கெடுக்காவிட்டால் ஏறக்குறைய எல்லாச் சூடும் நான்கு சக்கரப் பிரேக்கில் இறங்கும். பேட் காய்ந்து கருகிய வாடை வரும், மிதித்தால் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதித்தால் இன்னும் மோசம்: பெடல் பஞ்சு போல அடிவரை போய்விடும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் இழுத்த பிறகு அந்த அளவுகோல் 155 டிகிரிதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். சர்வீஸ் பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினையே ஆஃப் செய்துவிட்டு உருட்டுவது கொலைகார வேலை. பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் கிடைக்காது, இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகும்.

இறங்கும் முறை: ஏறிய கியரிலேயே இறங்குங்கள், அதாவது பெரும்பாலும் இரண்டாவது. வேகம் கூடினால் அழுத்தமாக ஒரு மிதி, பிறகு விடுதல். லேசாக மிதித்தபடியே இறங்கக் கூடாது. வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து 20 நிமிடமாவது ஆறவிடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும். தொப்பூர் கணவாயில் தர்மபுரிப் பக்கமிருந்து இறங்கும் லாரிகளுக்கும் இதே பாடம்தான். அங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது உங்கள் பிரேக்கை மட்டுமல்ல, பின்னால் வரும் லாரியின் பிரேக்கையும். அதன் முன்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள்.

"ஆட்டோமேடிக் எடுக்கலாம்னு இருக்கோம். மலைக்கு எது தாங்கும்?"

நாலு வகை சந்தையில் இருக்கின்றன, நாலும் வேறு வேறு குணம்.

ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் மெஷின் போடுகிறது. விலை குறைவு, மைலேஜ் குறையாது. மலையில் இரண்டு தொல்லை. வளைவுக்கு முன் காலை எடுத்ததும் மேல் கியருக்குப் போய்விடும், மிதித்ததும் யோசித்துக் கீழே வரும். வளைவின் நடுவில் இழுவை அறும். மேனுவல் மோடில் இரண்டாவதில் பூட்டிவிட்டால் இது தீரும். இரண்டாவது தொல்லை, ஏற்றத்தில் டிராஃபிக் நின்று நின்று நகரும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்திப் பிடிப்பது. அது கிளட்ச் பிளேட்டை அரைக்கும். கோடை விழா சமயத்தில் மலை ரோட்டில் வண்டிகள் ஊர்ந்து போகும்போது கருகல் வாடை வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

இரண்டு கிளட்ச் கொண்ட டிசிடி கியரை வேகமாக மாற்றும், ஓட்ட இனிமை. உலர் கிளட்ச் உள்ள டிசிடி ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் சூடாகி எச்சரிக்கை விளக்குப் போடும். முன் வண்டியோடு ஒட்டி அங்குலம் அங்குலமாக நகராமல், இரண்டு வண்டி இடைவெளி வந்ததும் நகர்ந்து மறுபடி முழுதாக நில்லுங்கள். படிப்படியான கியர் இல்லாத சிவிடி நகரத்துக்கு மென்மை. ஏற்றத்தில் எஞ்சின் கத்தும், வண்டி மெல்ல வேகம் எடுக்கும். இறங்கும்போது எஸ் அல்லது எல்-இல் போடாவிட்டால் எஞ்சின் பிரேக்கிங் போதாது.

டார்க் கன்வெர்டர் பழைய நுட்பம், எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் அதில் எஞ்சினையும் கியரையும் இணைப்பது திரவம், தேய்கிற பிளேட் அல்ல. ஏற்றத்தில் ஊர்வதற்கு இதுதான் பொறுமைசாலி. மாதம் இரண்டு முறை மலை ஏறுகிற குடும்பத்துக்கு, காசு இடம்கொடுத்தால், எங்கள் ஓட்டு இதற்கே.

"ஹில் ஹோல்ட் இருக்குதே, ஹேண்ட் பிரேக் எதுக்கு?"

ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் ஹில் ஹோல்ட் இரண்டு மூன்று நொடிதான் பிடிக்கும். பிரேக்கிலிருந்து ஆக்ஸிலரேட்டருக்குக் கால் மாற்றும் நேரத்துக்கு அது. நிறுத்தி வைக்க அல்ல. சரிவில் பார்க் செய்யும்போது முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு காலை பிரேக்கிலிருந்து மெல்ல விட்டு வண்டியின் எடை அதில் உட்காரவிட்டு, மறுபடி மிதித்து 'பி' அல்லது கியர். முதலிலேயே 'பி' போட்டால் முழு எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறிய கொக்கியில் தொங்கும். எடுக்கும்போது 'டக்' என்று அடிப்பது அதுதான்.

"டாப் மாடல்ல பெரிய அலாய் வீல் வருது. எடுக்கலாமா?"

டயரின் பக்கச் சுவரைக் கணக்குப் போடுங்கள். 185/65 ஆர்15 என்றால் 185-இல் 65 சதவீதம், 120 மில்லிமீட்டர் ரப்பர். 205/45 ஆர்17 என்றால் 92 மில்லிமீட்டர். மழைநீர் நிரம்பிய குழியில் 60-இல் விழுந்தால் அந்த 28 மில்லிமீட்டர்தான் டயர் பிழைப்பதற்கும் பக்கம் புடைத்துக்கொள்வதற்கும் உள்ள தூரம். புடைத்த டயரை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். நம் ரோட்டுக்கு 110-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஸ்டெப்னி சிறிய சக்கரமாகக் கொடுத்திருந்தால் அதில் 80-ஐத் தாண்டக் கூடாது. ஸ்டெப்னியே இல்லாமல் பஞ்சர் கிட் மட்டும் தரவும் இப்போது விதி இடம்கொடுக்கிறது. அந்தப் பசை ஆணிக் குத்துக்கு உதவும், பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது.

"மேல போனா டயர்ல காத்து கூடிடும், குறைச்சுட்டு ஏறணும்னு சொல்றாங்களே?"

வேண்டாம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் 2 பிஎஸ்ஐ அளவு கூடக் காட்டும். ஆனால் மேலே பத்து டிகிரி குளிர்ச்சி. அது ஏறக்குறைய அதே அளவைக் குறைத்துவிடும். இரண்டும் கழிந்துபோகும். காலையில் டயர் சூடாகும் முன் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ளபடி, முழு லோடுக்கான அளவில் பிடியுங்கள்.

"புது டீசல் வண்டி. வாங்கி நாலு மாசம்தான் ஆச்சு, டிபிஎஃப் லைட் எரியுது. சர்வீஸ்ல நீங்க ஓட்டற விதம் சரியில்லைங்கறாங்க."

கேட்கக் கோபம் வரும், ஆனால் அதில் உண்மை உண்டு. 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடித்து வைக்க டிபிஎஃப் என்ற ஒரு வடிகட்டி இருக்கிறது. கரி சேர்ந்ததும் வண்டி தானே கூடுதல் டீசல் விட்டு, 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எரித்துவிடும். அதற்கு 15, 20 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். வீட்டிலிருந்து நாலு ரோடு, அங்கிருந்து கடை, மறுபடி வீடு என்று ஓடும் வண்டியில் ஒவ்வொரு முறையும் எரிப்பு பாதியில் அறுந்துபோகும்.

விளக்கு எரிந்ததும் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஓமலூரைத் தாண்டி ஓட்டுங்கள்: 60 முதல் 80 வேகம், 2,000 ஆர்பிஎம்முக்கு மேல், அரை மணி நேரம். பெரும்பாலும் அணைந்துவிடும். மலை ஏறினாலும் சூடு கிடைக்கும். ஆனால் இறங்கும்போது ஆறிவிடும் என்பதால் நெடுஞ்சாலைதான் நிச்சயம். விளக்கு மின்ன ஆரம்பித்த பிறகு ஓட்டிப் பார்க்காதீர்கள், சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் வைத்து எரிக்க வேண்டும். நிறுத்தும்போது ஐடில் கூடி, ஃபேன் இரைந்துகொண்டிருந்தால் எரிப்பு நடக்கிறது என்று பொருள். முடிந்தால் இன்னும் பத்து நிமிடம் சுற்றிவிட்டு நிறுத்துங்கள்.

பாதியில் அறுந்த ஒவ்வொரு எரிப்பிலும் கொஞ்சம் டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், உடனே மாற்றுங்கள். மேனுவலில் சொன்ன குறைந்த சாம்பல் ரக ஆயில் தவிர வேறு ஊற்றினால் வடிகட்டியில் படியும் சாம்பலை எந்த எரிப்பும் போக்காது. தினம் பத்து கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டுகிறவர் டீசல் வாங்கக் கூடாது; இதை விற்கிறவர் சொல்ல மாட்டார்.

"இ20 பெட்ரோல் போட்டா மைலேஜ் குறையுதுங்களா, இல்ல மனப்பிரமையா?"

குறையும். இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான். கணக்குப்படி சுத்த பெட்ரோலை விட 6, 7 சதவீதம், பழைய இ10-ஐ விட 3 சதவீதம் சொச்சம். அதற்கு மேல் குறைந்தால் வேறு காரணம் தேடுங்கள். மாக்னசைட் சுரங்கப் பக்கம் தினமும் போய்வரும் வண்டிகளில் ஏர் ஃபில்டர் அடைத்திருப்பது சாதாரணம். மேனுவலில் சொன்ன கிலோமீட்டரில் பாதிக்கே அதைத் திறந்து பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டியில் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் டேங்கைப் பாதியில் விடாதீர்கள். காலி இடத்துக் காற்றின் ஈரத்தை எத்தனால் இழுக்கும்.

"எலெக்ட்ரிக் கார்ல ஏற்காடு போய்ட்டு வர முடியுமா? ஏறும்போதே சார்ஜ் சர்ருனு இறங்குதுங்க."

இறங்கத்தான் செய்யும். ஆட்களோடு 1,700 கிலோ வண்டியை 1,200 மீட்டர் தூக்க மட்டும் 5.5 யூனிட். ரோட்டு உராய்வு, மோட்டார் இழப்பு, ஏசி எல்லாம் சேர்த்து 9, 10 யூனிட் ஆகும். 30 யூனிட் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. பயப்பட வேண்டாம்: இறங்கும்போது செலவு ஏறக்குறைய இல்லை, சில யூனிட் திரும்பவும் கிடைக்கும்.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று. மேலே விடுதியில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தில் இறங்கினால், திரும்ப வரும் சக்தியை வாங்கப் பேட்டரியில் இடம் இருக்காது. இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து சார்ஜ் ஏற்றும் ரீஜென் வேலை செய்யாது. நியூட்ரல் கேள்வியில் சொன்ன அதே நிலைமை, முழுச் சுமையும் பிரேக் பேடில். மேலே 85-க்கு மேல் ஏற்றாதீர்கள்.

"அஞ்சு ஸ்டார் வண்டிங்க. பெல்ட் போடாட்டி என்ன, ஏர்பேக் இருக்குதே?"

வண்டிக்கு ஸ்டார் தர 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் மோதல் சோதனையில் முன்மோதல் 64 கிலோமீட்டர் வேகத்தில், பொம்மைகள் பெல்ட் போட்ட நிலையில். பெல்ட் இல்லையென்றால் அந்த ஸ்டார் உங்களுக்கு இல்லை. விரியும் ஏர்பேக்கை நோக்கி முகம் பாயும். பின் சீட்டுக்காரர் பெல்ட் போடாவிட்டால் முன் சீட்டுக்காரரின் முதுகில் விழுவார். மடியில் குழந்தையோடு முன் சீட்டில் உட்காருவது எல்லாவற்றிலும் கொடியது.

சோதனை காட்டாத ஒன்றும் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்புறம் காரின் பம்பருக்கு மேலே இருக்கும். நசுங்க வேண்டிய முன்பகுதி அடியில் நுழைந்துவிடும், இடி நேராகக் கண்ணாடியில். ஸ்டார் அங்கே அதிகம் உதவாது. இரவில் வேகத்தை ஹெட்லைட் எட்டும் தூரத்துக்குள் வைப்பது உதவும்.

"அடாஸ் இருக்கற வண்டி. சும்மா சும்மா கத்துது, ஒரு தடவை தானா பிரேக் போட்டுடுச்சு. ஆஃப் பண்ணி வச்சுடலாமா?"

எல்லாவற்றையும் அல்ல. அடாஸ் என்பது கேமராவும் ரேடாரும் வைத்து ஓட்டுபவருக்கு உதவும் பல வசதிகளின் தொகுப்பு, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். கோட்டுக்குள் பிடித்து வைக்கும் லேன் உதவியை ஊருக்குள்ளும் மலையிலும் அணைத்துவிடலாம். குழியைத் தவிர்க்க இண்டிகேட்டர் போடாமல் ஒதுங்கினால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் இழுக்கும் வேலை அது. நாற்கரச் சாலையில் கோடு தெளிவாக இருக்கும் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முன் வண்டியைப் பார்த்து வேகம் மாற்றும் க்ரூஸும் அப்படியே. ஐந்து ரோட்டில் அது விடும் இடைவெளியில் மூன்று பைக் நுழையும்.

தானாகப் பிரேக் போடும் வசதியை மட்டும் அணைக்காதீர்கள். எச்சரிக்கையைத் 'தாமதம்' என்ற அளவில் வையுங்கள். கொண்டை ஊசியில் அது எதிர்ப்பட்ட பேருந்தையோ தடுப்புச் சுவரையோ நேரே இருப்பதாக எண்ணிக் கத்தலாம், அபூர்வமாகப் பிரேக்கும் போடலாம். பின்னால் ஒட்டி வருகிறவரை முன்னே விட்டுவிடுவது நல்லது. மறுபக்கம், வேகமாகப் போகும்போது அசையாமல் நிற்கும் பொருளைப் பல அமைப்புகள் தாமதமாகத்தான் கண்டுகொள்கின்றன. மேலே சொன்ன விளக்கில்லாத லாரியை அது பார்த்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. ஏற்காட்டு மூடுபனியில் கேமரா கண்ணை மூடிக்கொள்ளும். திரையில் அந்தச் செய்தி வந்தால் லோ பீம் போட்டு நீங்களே ஓட்டுங்கள்.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, ஆயுத பூஜை முடிஞ்சதுல இருந்து அடாஸ் எர்ரர் காட்டுதே?"

சந்தனம் குங்குமம் எங்கே வைத்தீர்கள் என்று பாருங்கள். உள் கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியின் மேல் நடுவில் கேமரா. பல வண்டிகளில் முன் லோகோவுக்குப் பின்னால் அல்லது பம்பரின் கீழ்ப்பகுதியில் ரேடார். பொட்டும், காய்ந்து ஒட்டிய மாலையும் இரண்டையும் மறைக்கும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு எஞ்சினை அணைத்துப் போட்டால் சரியாகும். பொட்டை பானெட்டில் வையுங்கள்.

முன்னால் இரும்புக் கார்டு மாட்டினாலும் இதே எர்ரர் வரும். அது சட்டப்படியும் தடைசெய்யப்பட்டது, ஏர்பேக் சென்சாரையும் ஏமாற்றும். கல் அடித்து முன் கண்ணாடியை மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவுசெய்ய வேண்டும். வெளியே மலிவாகக் கண்ணாடி மாற்றித் தருகிறவரிடம் அந்தக் கருவி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இன்சூரன்ஸில் போனால், கண்ணாடி விலையோடு இந்த வேலையும் எஸ்டிமேட்டில் தனி வரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை விடுங்கள்.